தண்ணீர் குடிப்பதற்கு முன்னால்

வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டவள் தங்கையின் மாமியார். அதற்குக் கீழே முதல் ஆளாக வந்து கை கூப்பும் படம் மூன்றைப் போட்டவள் சொந்த அம்மா.

மூத்தவள் அப்போது பார்சல் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஓரம் நைந்த அட்டைப்பெட்டியோடு வந்த ஆளை, "இதை இப்படியே வாங்க முடியாதுங்க, டேப் ஒட்டிக் கொண்டாங்க" என்று அப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். எடையிலோ முகவரியிலோ இம்மி பிசகினாலும் பெட்டி அவள் மேஜையைத் தாண்டாது. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போன இடைவெளியில் போனை எடுத்துப் பார்த்தாள்.

திரையில், மண்டபத்தில் சொற்பொழிவு செய்கிற பெரியவரின் முகம். பின்னணியில் யாரோ வயலினை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் பொன்னிறத்தில் எழும்பி எழும்பி மறைந்தன.

"கட்டினவன் கை ஓங்கினா தலையைக் குனிஞ்சுக்கோ. அது அடி இல்லை. உன் பாவத்தைத் தட்டி உதிர்க்கற கை. வாசப்படி தாண்டின பொண்ணுக்கு அப்பன் வீட்டுலயும் இடம் இல்லை, ஆண்டவன் வீட்டுலயும் இடம் இல்லை."

அவ்வளவுதான். திரும்ப முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

மூத்தவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. பெரியவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவளால் வாதாட முடியாது. சொன்னார். அவள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சொன்னவர் யார் குரலில் சொன்னார், அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்பதுதான் விஷயம்.

பெரியவரின் பேச்சு முறையை அறியாதவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் எதிராளியாகிவிடுவார். கஞ்சத்தனம் தப்பு என்று பேச வந்தால், முதல் அரை மணி நேரம் உலகத்திலேயே பெரிய கஞ்சன் அவர்தான். கஞ்சனின் நியாயங்களை அவன் வாயாலேயே, அவன் சொல்ல மறந்ததையும் சேர்த்து, அடுக்கு அடுக்காக வைப்பார். கூட்டம் தலையாட்டும். புதிதாக வந்தவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் உண்டு. பிறகு பேச்சை நிறுத்துவார். மேஜையில் இருக்கும் தம்ளரை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் யார் சொன்னது? கடவுளா? உங்க பெரியப்பாவா?" என்பார். மண்டபம் சிரிப்பில் அதிரும். அதற்கப்புறம் வருவதுதான் அவர் பேச்சு. அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பார். பழைய ஆட்கள் புதிய ஆட்களின் காதில், "அவர் தண்ணி குடிக்கற வரைக்கும் எதையும் நம்பாதே" என்று சொல்லி உட்காரவைப்பார்கள்.

ஒலிபெருக்கி காலத்தில் இதில் சிக்கல் இல்லை. தெருமுனை வரைக்கும் கேட்கும், முழுசாகவே கேட்கும், வேண்டாம் என்றாலும் கேட்கும். கேசட் வந்தபோது எதிராளி ஒரு பக்கம், பெரியவர் மறுபக்கம் என்று கச்சிதமாகப் பிரிந்துகொண்டார்கள். கேசட்டைத் திருப்பிப் போடச் சோம்பல்பட்ட ஒரு கடைக்காரர், கலப்படம் புண்ணியம் என்று பெரியவரே சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் என்று ஒரு வேடிக்கைக் கதை உண்டு. டிவியில் வந்தபோது விளம்பரத்துக்கு முன்னால் எதிராளி, விளம்பரத்துக்குப் பின்னால் பெரியவர். சோப்பு விளம்பரத்தில் சேனல் மாற்றியவர்கள் தொலைந்தார்கள். இப்போது போனில் தண்ணீருக்கே இடமில்லை.

மூத்தவளின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த இரண்டாம் பாதியைக் கேட்ட அன்றுதான் அவள் தன் புருஷனை விட்டு வந்தாள். "அடிக்கறதைப் பொறுத்துக்கோன்னு சொல்ற வேதம் எதுவும் கிடையாது. அப்படி எழுதியிருந்தா, எழுதினவன் அடிக்கறவனா இருப்பான். கெளம்பு. கடவுள் வாசல்ல நின்னு உன் பையை வாங்கிப்பார்" என்று பெரியவர் சொன்னபோது, பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து செருப்பைத் தேடினாள். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தாள். தங்கை அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கும் கல்யாணம் ஆகி, அவளுக்கும் அதே தலையெழுத்து. அவள் புருஷனுக்குக் கார் விற்கும் கடையில் வேலை. வாடிக்கையாளரிடம் தேன் ஒழுகப் பேசுவான். போன மாதம் தங்கையின் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். வழுக்கி விழுந்த கையில் நாலு விரல் தடம் எப்படி வந்தது என்று மூத்தவள் கேட்டதும் தங்கை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் போனில் பேசிப் பேசி, கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று தங்கையைச் சொல்லவைத்திருந்தாள். பை தயாராகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பின்கட்டுக்குப் போய், அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் வரலை."

"ஏன்?"

"நீ பாக்கலையா? பெரியவரே சொல்லிட்டாரு."

"அவர் தண்ணி குடிச்சாரா?"

"என்ன தண்ணி? போன்ல ஏதுக்கா தண்ணி?"

"அது முதல் பாதிடி. அவர் வேற ஆள் மாதிரி பேசறது. நான் அங்க இருந்தேன், என் காதால கேட்டேன்."

"நீ கேட்டது எப்பவோ. இது நேத்து போட்டிருக்காங்க. மாத்திக்கிட்டாரோ என்னவோ." தங்கையின் குரல் தாழ்ந்தது. "அத்தை டிவியில போட்டு, எல்லாரையும் உக்காரவெச்சுக் காட்டினாங்க. என் வீட்டுக்காரர் என் பக்கம் பாத்து சிரிச்சாரு, அக்கா. இப்ப பையை எடுத்துட்டு நான் எப்படி வெளிய வருவேன்?"

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மூத்தவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீடியோவுக்கு எதுக்கும்மா கும்பிடு போட்ட?"

"எந்த வீடியோ?"

"சம்பந்தியம்மா போட்டது. பெரியவர் பேசினது."

"அதுவா. பெரியவர் முகம் தெரிஞ்சுது, கும்பிட்டேன்."

"என்ன பேசினாருன்னு கேட்டியா?"

"இதை வேற கேக்கணுமா? காலையில எழுந்தா பத்து வருது. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்தா அடுப்படியில யாரு நிக்கறது? கும்பிடு போடலைன்னா சம்பந்தியம்மா கோவிச்சுப்பாங்க."

"உன் பொண்ணை அடிச்சா வாங்கிக்கச் சொல்லியிருக்கு அதுல. நீ மூணு கும்பிடு போட்டிருக்க."

அம்மா போனை வாங்கிக் கேட்டாள். முகம் வெளுத்தது. "அழிக்க முடியுமாடி இதை?" என்று மட்டும் கேட்டாள். அவள் கும்பிட்டதை எல்லாரும் பார்த்தாயிற்று.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூத்தவள் மண்டபத்துக்குப் போனாள். கீழே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மாடியில் முன்பு சமையல் பாத்திரங்கள் வைத்திருந்த அறையைப் பெரியவரின் மருமகன் ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். சுவரில் கருப்புப் பஞ்சு. வட்டமான விளக்கு ஒன்று. குளிர்சாதனக் காற்று முகத்தில் அறைந்தது. மருமகன் கெட்டவன் இல்லை. நாற்காலி போட்டான், காபி வேண்டுமா என்று கேட்டான்.

"அக்கா, நாப்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க. மாமா வாழ்க்கை முழுக்கப் பேசினதை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டாங்க."

"என்ன கேட்டாங்க? அவர் சொல்லாததைக் கேட்டிருக்காங்க."

"அவர் வாய், அவர் வார்த்தை. நாங்க ஒரு எழுத்துகூட சேக்கலை."

"சேக்கலை, எடுத்திருக்கீங்க. நான் பார்சல் ஆபீஸ்ல வேலை செய்யறேன் தம்பி. பெட்டியை அனுப்பிட்டு உள்ள இருக்கற சாமானை எடுத்து வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டு."

"முழுப் பேச்சுக்கும் கீழ லிங்க் குடுத்திருக்கோமே."

"எத்தனை பேர் அதைத் தட்டினாங்க?"

மருமகன் சிரித்துச் சமாளித்தான். "எங்க மேலயும் தப்பு சொல்லாதீங்க. எந்தத் துண்டை வெட்டணும்னு நாங்க பாக்கறது இல்லை. அதுக்குன்னு ஒரு செயலி இருக்கு. முழுப் பேச்சையும் அதுகிட்ட குடுத்துட்டா, எது சூடா இருக்கோ அதை அதுவே எடுத்துக் குடுத்துடும்."

சூடாக இருப்பது எப்போதும் முதல் பாதிதான். எதிராளிக்குப் பெரியவர் கொடுக்கிற குரல் அப்படிப்பட்டது. மூத்தவள் அதற்கு மேல் அவனிடம் பேசவில்லை. "ஐயாவைப் பாக்கணும்" என்றாள்.

பெரியவர் உள்ளறையில் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயசு உடம்பைத் தின்றிருந்தது, குரலைத் தொடவில்லை. அவள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா வந்திருக்கு இல்ல?" என்றார்.

"ஐயா, இது நீங்க உடைக்கறதுக்காகச் சொன்னது. உடைச்சது இதுல இல்லை."

"அது எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"தெரியாது ஐயா. உங்க முன்னாடி உக்காந்து கேட்ட பத்து வரிசைக்குத்தான் தெரியும். என் தங்கைக்குத் தெரியலை. அடி வாங்கிக்கிட்டு அங்கயே இருக்கா, நீங்க சொன்னீங்கன்னு."

அவர் முகம் மாறியது. அதை மூத்தவள் பார்த்தாள். இல்லை என்று சொல்ல முடியாது. "கூப்பிடு அவனை" என்றார். மருமகனும் மறுப்புச் சொல்லவில்லை. விளக்கைப் போட்டார்கள். மறுப்பு வீடியோ ஒன்று பேசிவிடுகிறேன், நாளைக்கே வரும் என்றார் பெரியவர். மூத்தவள் சுவரோரமாக நின்றுகொண்டாள். அவர் தொண்டையைக் கனைத்தார், விளக்கைப் பார்த்தார், ஆரம்பித்தார்.

"அடி வாங்காத பொண்ணு எந்த வீட்டுல இருக்கா, சொல்லுங்க பாப்போம்? பானையைத் தட்டித்தான் வாங்கறோம். பொண்ணை மட்டும் தட்டக்கூடாதா?"

அவரால் வேறு மாதிரி ஆரம்பிக்க முடியவில்லை. வாழ்நாள் பழக்கம், நாக்கு தானாக அந்தப் பாதையில் போயிற்று. ஆனாலும் அன்று முழுசாகப் பேசினார். தண்ணீர் குடித்தார், கண்ணாடி துடைத்தார், அடிக்கிறவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கேட்டு முடித்தபோது அவள் கண் நிறைந்துவிட்டது. "இதை முழுசாப் போடணும், தம்பி" என்று மருமகனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தாள்.

முழுசாகத்தான் போட்டான். அதை அவளையும் சேர்த்து ஒரு பஸ்ஸில் அடங்குகிற ஆட்கள்தான் பார்த்தார்கள். கூடவே, அந்தச் செயலி வெட்டிக் கொடுத்த துண்டும் வந்தது. 'விமர்சனங்களுக்குப் பெரியவர் பதிலடி' என்று தலைப்பு. பானையில் ஆரம்பித்து, தட்டக்கூடாதா என்பதில் முடிந்தது. சனிக்கிழமை காலையில் சம்பந்தியம்மா அதையும் குழுவில் போட்டாள். அம்மா இந்த முறை கும்பிடவில்லை. மாப்பிள்ளை கும்பிட்டிருந்தான், பானைப் படம் ஒன்றையும் சேர்த்து.

அந்தப் பானைப் படத்தைப் பார்த்ததும்தான் மூத்தவளுக்குள் ஏதோ அறுந்தது. இனி பேச்சை வீடியோவில் அனுப்புகிற வேலையே வேண்டாம், ஆளையே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். மருமகன் வெளியூர் போயிருந்தான். பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கெளம்புங்க. என் தங்கை வீட்டுக்குப் போறோம். நீங்களே நேர்ல சொல்லணும்."

"முன்கூட்டிச் சொல்லியிருந்தா கொஞ்சம் தயார் பண்ணியிருப்பேனே."

"தயார் பண்ண ஒண்ணும் இல்லை. முதல் பாதி வேண்டாம். அந்த வீட்டுல தினமும் நடக்கறதே முதல் பாதிதான். நீங்க ரெண்டாவதை மட்டும் சொன்னாப் போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "வாயாடி" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். காரில் போகும்போது வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதைக் கண்டு மூத்தவள் உள்ளுக்குள் தெம்பாக இருந்தாள்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டேய், யார் வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். மாப்பிள்ளை ஈரத் தலையோடு ஓடி வந்து, கார் வாங்க வந்தவரை வரவேற்பது போல வரவேற்றான். சோபாவில் இருந்த துணிகளை வாரி எடுத்தார்கள். மின்விசிறியைப் பெரியவர் பக்கம் திருப்பினார்கள். சம்பந்தியம்மா தன் போனைப் பூச்சாடியில் சாய்த்து நிறுத்தி, அவர் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா. எங்க குழுவுல போடறதுக்கு."

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்த வெக்கையிலும் முழுக்கை உடுப்பு. அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள்.

"இவதாங்க ஐயா" என்றாள் மூத்தவள். "ரெண்டாம் பாதியைச் சொல்லுங்க."

பெரியவர் தங்கையைப் பார்த்தார். "குழந்தை" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. முன்னால் எதிராளியை நிறுத்தாமல் அவர் பேசிப் பழகியதில்லை. இங்கே எதிராளி நிஜமாகவே ஈரத் தலையோடு எதிரில் உட்கார்ந்து, பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவரின் கண் மெல்ல நகர்ந்து பூச்சாடிப் பக்கம் போயிற்று. போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. குரலில் எண்ணெய் ஏறியது.

"குடும்பம்னா என்ன? ரெண்டு கை தட்டினாத்தான் ஓசைன்னு சொல்றாங்க. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. புருஷன் வெளியில ஆயிரம் பேர்கிட்ட பேச்சு வாங்கிட்டு வர்றான்..."

சம்பந்தியம்மா தலையாட்டினாள். மாப்பிள்ளையும் தலையாட்டினான்.

"ஐயா" என்றாள் மூத்தவள். "அவ அங்க நிக்கறா. போன் இங்க இருக்கு. நீங்க யாரைப் பாத்துப் பேசறீங்க?"

"அண்ணி, பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக்கூடாது" என்றான் மாப்பிள்ளை, மிக இதமாக.

"கொஞ்சம் பொறும்மா, வரேன். அந்த இடத்துக்குத்தான் வரேன்" என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. வந்தும் இருப்பார். இன்னும் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஆகும். அதுவரைக்கும் பேசுவதெல்லாம் இந்த வீட்டுக்கு, அந்தப் போனுக்கு, அது போய்ச் சேரும் குழுக்களுக்கு. மூத்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. செயலியை மட்டும் திட்டிப் பயனில்லை. அடிக்கிறவனுக்கு இவ்வளவு நல்ல குரலை யார் கொடுத்தது? அதை முதலில் கேட்டுக்கொண்டு எத்தனை ஆண்கள் தண்ணீர் குடிப்பதற்குள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள், மண்டபக் காலத்திலேயே? அவள் அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தது அவள் அதிர்ஷ்டம். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

தங்கை முன்னால் வந்தாள். உடுப்பின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, தன் கையைப் பெரியவருக்கு நேரே நீட்டினாள். பழைய கன்றிய தடம் மஞ்சளாகியிருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒன்று, இன்னும் நீலமாக.

"நான் இங்கயே இருக்கணுமா, போகணுமா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

பெரியவர் கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஒரு வார்த்தையில சொல்ற விஷயமா இது, குழந்தை? முதல்ல அந்தப் பக்கத்து நியாயத்தையும் எடுத்துப் பாத்துட்டு..."

"அந்தப் பக்கத்து நியாயம் எனக்கு மனப்பாடமுங்க."

சட்டென்று திரும்பி உள்ளே போனாள். கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்தான். எழுந்தவன் பூச்சாடிப் பக்கம் பார்த்தான். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. அது எரியும்வரை கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். தங்கை வெளியே போவது படத்தில் விழாதபடி, மூத்தவள் எழுந்து போய் அந்தப் போனுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

தங்கை தோளில் பையோடு வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"இது நல்லா இல்லை" என்றாள் சம்பந்தியம்மா. "பெரியவர் இன்னும் பேசி முடிக்கலை. பாதியில எழுந்து போறியே."

"முடிக்கட்டும் அத்தை" என்றாள் தங்கை. "நீங்க இருந்து முழுசாக் கேளுங்க."